சமகாலத் தமிழ் எழுத்தும் விமர்சனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வரும் நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரைத் தொகுப்புகளைப் பற்றி எழுத நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பல வருடங்களாக மதிப்புரை எழுதியும், மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக் கொடுத்தும் வருகிறேன். அதில் எனக்கென்று சில உறுதியான கருத்துகள் உண்டு, பதில்களில் அவை தெரியும். அவற்றில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புத்தகத்திலிருந்து வரிகளை எடுத்துக் காட்டாமல் சொல்லப்படும் பாராட்டும் சரி, கண்டனமும் சரி, எழுதியவருக்கும் உதவாது, படிப்பவருக்கும் உதவாது.

நூல் அறிமுகம், மதிப்புரை, விமர்சனம் மூன்றும் ஒன்றுதானே?

நடைமுறையில் கலந்துதான் வருகின்றன. ஆனால் யாரிடம் பேசுகிறோம் என்பது மாறுகிறது. அறிமுகம், புத்தகத்தை இன்னும் கையில் எடுக்காதவருக்கு. இது எதைப் பற்றியது, யாருக்குப் பிடிக்கும் என்று சொன்னால் போதும். மதிப்புரை, வாங்கலாமா படிக்கலாமா என்று யோசிப்பவருக்கு. இங்கே ஒரு தீர்ப்பு வேண்டும், அதற்குக் காரணமும் வேண்டும். விமர்சனம் பெரும்பாலும் படித்து முடித்தவரோடு நடக்கும் பேச்சு. அந்த எழுத்தாளரின் முந்தைய புத்தகங்கள், அதே களத்தில் மற்றவர்கள் எழுதியவை எல்லாம் அதற்குள் வரும்.

அணிந்துரையை இந்த மூன்றிலும் சேர்க்காதீர்கள். எழுதியவர் கேட்டு வாங்கித் தன் புத்தகத்தில் போட்டுக்கொள்வது அது. அணிந்துரையிலும் பின்னட்டையிலும் இருப்பதைச் சற்று மாற்றி எழுதி மதிப்புரை என்று அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். பத்திரிகையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

தமிழில் நவீன இலக்கியத்துக்கு விமர்சனம் எப்போது தொடங்கியது?

ஒரு தேதியைச் சொல்ல முடியாது. ஆனால் 1930களின் நடுவில் நடந்த ஒரு சண்டையிலிருந்து தொடங்குவது எனக்குப் பிடிக்கும். பாரதி மகாகவியா இல்லையா என்பதுதான் சண்டை. எழுத்தாளர் வ.ரா. மகாகவி என்றார், கல்கி அதை ஏற்கவில்லை. கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் பாரதியின் பக்கம் நின்று எழுதிய கட்டுரைகள் 'கண்ணன் என் கவி' என்று 1937இல் புத்தகமாக வந்தன. பாரதி இறந்து அப்போது 16 வருடம்தான் ஆகியிருந்தது. அதாவது கிட்டத்தட்ட தங்கள் காலத்துக் கவிஞர் ஒருவரைப் பற்றி, அவருடைய பாடல்களை முன்னால் வைத்துக்கொண்டு வாதாடினார்கள். இது பெரிய விஷயம். பழைய நூல்களுக்கு உரை சொல்லும் மரபு நம்மிடம் எவ்வளவோ காலமாக உண்டு, கூட வாழும் எழுத்தாளரை மதிப்பிடும் பழக்கம் அப்படி வளர்ந்திருக்கவில்லை.

அடுத்து 1959 ஜனவரி. சி.சு.செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்குகிறார். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் புதுக்கவிதைதான் ஞாபகம் வரும். ஆனால் விமர்சனத்துக்கு இடம் வேண்டும் என்பது செல்லப்பாவின் முக்கியமான நோக்கங்களில் ஒன்று. ஒரு கதையை வரி வரியாக, சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கும் அலசல் முறையை அவர் விடாமல் வலியுறுத்தினார். திருகோணமலையிலிருந்து இருபது வயதை ஒட்டிய ஓர் இளைஞர் இதற்குக் கட்டுரையும் கவிதையும் அனுப்ப ஆரம்பித்தார். தருமு சிவராம் என்ற பெயரில் எழுதிய அவர்தான் பின்னாளில் பிரமிள். இதழ் 1970 வரை வந்தது. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். இன்று நாம் எழுதும் மதிப்புரைகள் பலவற்றுக்கு அந்த மூட்டைதான் மூலதனம் என்று நான் நம்புகிறேன்.

'எழுத்து' நின்ற பிறகு கசடதபற, பிரக்ஞை, யாத்ரா, கொல்லிப்பாவை என்று பல சிற்றிதழ்கள் அந்த வேலையை எடுத்துச் செய்தன. 1988இல் நாவலாசிரியர் சுந்தர ராமசாமி 'காலச்சுவடு' இதழைத் தொடங்கினார். 90களின் முற்பாதியில் கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்த 'சுபமங்களா' இந்த விவாதங்களைக் கொஞ்சம் பெரிய வாசகர் கூட்டத்திடம் கொண்டுபோனது.

க.நா.சு. பட்டியல்தானே போட்டார்? பட்டியல் எப்படி விமர்சனமாகும்?

க.நா.சுப்ரமண்யம் என்ற விமர்சகர், தமிழில் தரமானவர்கள் என்று தான் கருதிய எழுத்தாளர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டவர்தான். ஆனால் பட்டியல் மட்டும் போட்டவர் இல்லை அவர். 'விமரிசனக் கலை' என்று புத்தகமே எழுதியிருக்கிறார், 'இலக்கிய வட்டம்' இதழை நடத்தினார். 1986இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்ததும் 'இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்' என்ற விமர்சன நூலுக்குத்தான்.

ஆனாலும் பட்டியல் அவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் லட்சக்கணக்கில் வாசிக்கப்பட்ட காலத்தில், எந்தப் பெயரைச் சொல்வது, எந்தப் பெயரை விடுவது என்பதே ஒரு நிலைப்பாடாக இருந்தது. பெருவாரியாகப் படிக்கப்பட்டவர்கள் அவர் பட்டியலில் இல்லை. அதுவரை சில நூறு பேர் மட்டும் அறிந்த பெயர்கள் இருந்தன. பின்னால் வந்த தலைமுறை அந்தப் பெயர்களைத் தேடிப் படித்தது.

இன்று போடப்படும் பட்டியல்களைப் பற்றி எனக்கு அந்த மரியாதை இல்லை. ஆண்டு முடிவில் நூறு புத்தகத்தை அடுக்கினால் அதில் தேர்வு எங்கே இருக்கிறது? பட்டியல் போட ஆசையென்றால் ஐந்து போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி காரணம் எழுதுங்கள்.

அழகியல் முக்கியமா, அரசியல் முக்கியமா? யார் பக்கம் நிற்பது?

இந்தக் கேள்விக்குத் தமிழில் நீண்ட கதை இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் க.கைலாசபதி 1968இல் 'தமிழ் நாவல் இலக்கியம்' நூலை வெளியிட்டார். நாவல் என்ற வடிவம் எந்தச் சமூக மாற்றத்தில் பிறந்தது, எந்த வர்க்கத்தின் வாழ்க்கையைச் சொல்கிறது என்று மார்க்சியப் பார்வையில் கேட்ட புத்தகம். விமர்சகர் வெங்கட் சாமிநாதன் அதற்கு 'மார்க்ஸின் கல்லறையிலிருந்து ஒரு குரல்' என்று கடுமையான எதிர்வினை எழுதினார். கலைத்தரம் என்ற ஒன்றையே இந்தப் பார்வை காணத் தவறுகிறது என்பது அவர் வாதம். ஈழத்திலிருந்து எம்.ஏ.நுஃமான் அதற்குப் பதில் எழுதினார். இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும், ஒரு புத்தகத்துக்காக மனிதர்கள் எவ்வளவு உழைத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

90களில் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. ராஜ் கௌதமன் போன்றவர்கள் தலித் பார்வையில் இலக்கியம் முழுவதையும் திரும்பப் படித்தார்கள். அதுவரை 'பொதுவான ரசனை' என்று சொல்லிக்கொண்டிருந்தது யாருடைய ரசனை என்ற கேள்வியை அவர்கள் எழுப்பிய பிறகு, அப்படி ஒரு கேள்வியே இல்லாததுபோல யாரும் எழுத முடியாது.

இதில் நான் அடிக்கடி எடுத்துக் காட்டும் நாவல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. 1994இல் வெளிவந்தது, அவருடைய முதல் நாவல். தலித் குடியிருப்பில் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் பெண் ஆரோக்கியத்தின் கதை. சுந்தர ராமசாமி அதைப் பெரிதாகப் பாராட்டினார். தலித் அரசியல் பேசியவர்களில் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வை இந்த நேரத்தில் எழுதுவது யாருக்குப் பயன்படும் என்பது அவர்கள் கவலை. இரண்டு தரப்பையும் தெரிந்துகொண்டு நாவலுக்குள் போனால், ஆரோக்கியம் வீடு வீடாகச் சோறு வாங்கப் போகும் பக்கங்கள் இன்னும் கனமாகத் தெரியும். கேட்கிற கையும் போடுகிற கையும் இரண்டுமே ஊரால் தள்ளிவைக்கப்பட்ட கைகள். நாவலின் வலிமை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அரசியல் கேள்வியைக் கேட்டதால்தான் அந்தக் கலையும் எனக்குப் புலப்பட்டது. அதனால், பக்கம் பார்த்து நிற்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் புத்தகம் எந்தக் கேள்வியைத் தூண்டுகிறதோ அதைக் கேளுங்கள்.

ஒரு நாவலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

படிக்கும்போதே பென்சிலை வைத்துக்கொள்ளுங்கள். எங்கே உங்களை அறியாமல் வேகம் கூடியது, எங்கே இரண்டு பக்கத்தைத் தள்ளிவிடத் தோன்றியது என்று ஓரத்தில் ஒரு கோடு. முடித்த பிறகு அந்தக் கோடுகளை மட்டும் திரும்பப் பாருங்கள். உங்கள் மதிப்புரை அங்கேதான் இருக்கிறது.

ஒரு உதாரணம். இதற்காக நானே எழுதிய வரிகள், எந்த நாவலிலும் இல்லாதவை. தென் மாவட்டத்துக் கிழவி ஒருத்தி 30ஆம் பக்கத்தில் பேசுகிறாள்:

"ஏலே, மழ இந்தா வந்துட்டு. கொடியில கெடக்கத எடுத்து உள்ள போடு."

அதே கிழவி 200ஆம் பக்கத்தில்:

"நிலம் என்பது வெறும் மண்ணல்ல பேராண்டி, அது நம் முன்னோர்களின் நினைவுகள் உறங்கும் இடம்."

முதல் வரியில் ஒரு மனுஷி இருக்கிறாள். அவசரம் இருக்கிறது, வீடு இருக்கிறது, கூப்பிட்ட குரலுக்கு ஓட ஒரு பையன் இருக்கிறான். இரண்டாவதில் ஆசிரியர் கிழவியின் வாய்க்குள் புகுந்துகொண்டார். 'பேராண்டி' என்ற சொல்லைச் செருகினால் அது அவள் பேச்சாகிவிடாது. 'பாத்திர வார்ப்பில் சற்றுக் கவனம் செலுத்தியிருக்கலாம்' என்று மதிப்புரையில் எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. இந்த இரண்டு வரியையும் பக்க எண்ணோடு அடுத்தடுத்து வைத்தாலே போதும், வாசகர் தானே தீர்மானித்துக்கொள்வார்.

இன்னொரு கருவி நம் கைவசமே இருக்கிறது. பவணந்தியாரின் நன்னூல் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று ஒரு வரிசை தருகிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்து இறுதல், நின்றுபயன் இன்மை. பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கணம், நாவலை மனதில் வைத்துச் சொன்னதல்ல. ஆனாலும் இன்றைய 400 பக்க நாவல்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொற்களை நான் பார்த்ததில்லை. ஒரு ஊரின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்து, தகவல் சேகரித்த உற்சாகத்தில் நூறு பக்கம் வேறெங்கோ போவது மற்றொன்று விரித்தல். பிரமாதமான முதல் மூன்று அத்தியாயம், அப்புறம் மெல்ல மெல்லச் சத்து வடிந்து கடைசியில் அவசர முடிவு என்றால் சென்றுதேய்ந்து இறுதல். சமகாலத் தமிழ் நாவலின் பெரிய நோய் எது என்று கேட்டால் நான் இந்த ஒன்பதாவதைத்தான் சொல்வேன்.

கதையைச் சொல்லிவிடலாமா?

தேவையான அளவுக்குச் சொல்லலாம். மதிப்புரையில் பாதிக்கு மேல் கதைச் சுருக்கமாகப் போய்விட்டால் நீங்கள் சொல்ல வந்தது வேறு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ஒரு மர்மத்தை நம்பியே நிற்கும் கதை என்றால் அதை உடைக்க வேண்டாம்.

கவிதை புரியவில்லை என்றால் எழுதலாமா?

எழுதலாம். எந்த இடத்தில் புரியவில்லை என்று காட்டினால் அதுவும் பயனுள்ள விமர்சனம்தான். 'பூடகமான மொழி', 'படிமச் செறிவு', 'ஆழ்மன வெளிப்பாடு' என்று சொற்களைப் பரப்பி மூடுவதைவிட அது நேர்மையானது.

கவிதை விமர்சனத்தில் ஒரே வழிதான்: கவிதையை முழுதாக எடுத்துப் போட்டு, அதன் மேல் கை வைத்துப் பேசுவது. மறுபடியும், விளக்கத்துக்காக நானே எழுதிய ஒன்று:

அப்பாவின் சட்டைக்கு
இஸ்திரி போடுகிறாள் அம்மா
ஆறு மாதமாக
யாரும் போடாத சட்டை
காலம் ஒரு நதி
மரணம் அதன் கடல்

இதற்கு வழக்கமாக வரும் மதிப்புரை எப்படி இருக்கும்? 'இழப்பின் வலியை எளிய சொற்களில் கடத்தும் நெகிழ்வான கவிதை.' இதை எந்தக் கவிதைக்கும் போடலாம்.

நான் எழுதினால் இப்படிப் போகும். முதல் நான்கு வரியிலேயே கவிதை முடிந்துவிட்டது. 'போடுகிறாள்' என்பதும் 'போடாத' என்பதும் ஒரே வினைதான். ஒன்றில் கை இன்னும் பழக்கப்படி வேலை செய்கிறது, மற்றதில் உடம்பு இல்லாமல் போயிருக்கிறது. மரணம் என்று ஒரு சொல்கூட வராமல் வீட்டில் நடந்தது தெரிந்துவிடுகிறது. 'ஆறு மாதமாக' என்ற வரியில் அம்மா இதை எத்தனை தடவை செய்திருப்பாள் என்று நாமே எண்ண ஆரம்பிக்கிறோம். அடுத்த இரண்டு வரியும் யாரோ எப்போதோ சொல்லிவைத்தவை. மேலே சொல்லாமல் காத்ததை 'மரணம்' என்று சொல்லிக் கலைத்துவிடுகின்றன. இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் நின்றுகொண்டிருந்த வாசகரை நதியும் கடலும் வந்து வெளியே இழுத்துப் போடுகின்றன. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் நல்ல கவிதை.

இவ்வளவுதான். புகழ்ச்சியும் குறையும் இதற்குள்ளேயே வந்துவிட்டன. இந்தக் கவிஞர் அடுத்த கவிதையை எழுதும்போது கடைசி இரண்டு வரியை ஒரு தடவையாவது சந்தேகப்படுவார்.

பெண்கள் எழுதும் கவிதைக்கு வரும் எதிர்வினைகளைப் பற்றி?

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தது. சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோரின் கவிதைகளும் அதே காலத்தில் பேசப்பட்டன. அதையடுத்து எழுந்த கூச்சல் தமிழ் விமர்சனத்துக்குப் பெருமை சேர்க்கவில்லை. தலைப்பைப் பார்த்தே திட்டினார்கள், எழுதியவர்களின் ஒழுக்கத்தைப் பேசினார்கள், பகிரங்கமாக மிரட்டினார்கள். உடலைப் பற்றி ஆண்கள் எழுதிய சங்கப் பாடலுக்கும் தனிப்பாடலுக்கும் நயம் சொல்லிப் பழகிய மொழியில் இது நடந்தது.

ஆதரித்தவர்களிலும் பலர் 'துணிச்சல்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். இதையும் ஒரு குறையாகவே சொல்வேன். இந்த நால்வரின் மொழியும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதது. அந்த வித்தியாசத்தைக் காட்டி எழுதுவதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

கட்டுரைத் தொகுப்புக்கு எப்படி விமர்சனம் எழுதுவது? கதை, கவிதை அளவுக்கு அதைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

உண்மைதான், எனக்கும் இதில் மனத்தாங்கல் உண்டு. சாகித்திய அகாதெமி தமிழுக்குக் கொடுத்த முதல் விருதே, 1955இல், ரா.பி.சேதுப்பிள்ளையின் 'தமிழ் இன்பம்' என்ற கட்டுரை நூலுக்குத்தான். 2015இல் ஆ.மாதவனுக்கு விருது கிடைத்ததும் 'இலக்கியச் சுவடுகள்' கட்டுரைகளுக்காக. 2024இல் ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற ஆய்வு நூலுக்கு. ஆனாலும் ஒரு வருடத்தின் நல்ல புத்தகங்களைப் பேசும்போது கட்டுரை கடைசி வரியில்தான் வருகிறது.

கட்டுரையைப் படிக்கும்போது மூன்று விஷயத்தைப் பார்க்கிறேன். முதலாவது, தகவல் சரியா. 'தமிழில் முதன்முதலாக', 'உலகிலேயே' என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களில் இரண்டு மூன்றையாவது நூலகத்தில் சரிபார்க்கிறேன். வருடமும் பெயரும் பிழையாக இருந்தால், மற்ற இடங்களில் அவரை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிடும். இரண்டாவது, தன் கருத்துக்கு எதிரான வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிட்டு மறுக்கிறாரா, அல்லது எளிதாகத் தட்டிவிடும்படி சின்னதாக்கிச் சொல்கிறாரா. மூன்றாவது, நடை. பத்திரிகைப் பத்தியாக வாராவாரம் வந்தபோது நன்றாக இருந்த கட்டுரைகள் புத்தகமாகத் தைக்கப்பட்டதும் ஒரே சம்பவத்தை நான்கு இடத்தில் சொல்கின்றன. நன்னூல் கணக்கில் இது கூறியது கூறல். பதிப்பாசிரியர் ஒருவர் உட்கார்ந்து பார்த்திருந்தால் பாதி குறைந்திருக்கும். தமிழ்ப் பதிப்புலகில் அந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் வளராததன் விலை இது.

விருது வாங்கிய புத்தகத்தைக் குறை சொல்லலாமா?

தாராளமாக. அகிலனுக்கு 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் கிடைத்தபோது, தமிழுக்கு முதல் ஞானபீடம் அது, சுந்தர ராமசாமி 'போலி முகங்கள்' என்ற கட்டுரையை எழுதினார். ஊரே கொண்டாடும் நேரத்தில் தரத்தைப் பற்றிக் கேள்வி கேட்டார். அதன் கடுமையை இன்றும் ஏற்காதவர்கள் உண்டு. என்னைப் பொறுத்தவரை, பரிசு கொடுப்பது ஒரு குழுவின் முடிவு. வாசகர் அதற்குக் கட்டுப்பட்டவர் இல்லை.

புதிதாக எழுத வந்தவரைக் கடுமையாக விமர்சித்தால் எழுதுவதையே விட்டுவிட மாட்டாரா?

சிலர் விட்டுவிடலாம், அந்தப் பயம் நியாயமானதுதான். இதில் எனக்கு முன்மாதிரி விமர்சகர் தி.க.சி. என்ற தி.க.சிவசங்கரன். 'தாமரை' இதழின் ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர், மார்க்சியர், கறாரான கருத்துகள் கொண்டவர். 2014இல் மறையும் வரை, திருநெல்வேலியில் இருந்துகொண்டு, புதிதாக ஒரு கதையோ கவிதையோ பார்த்தால் எழுதியவருக்கு அஞ்சலட்டை போட்டுவிடுவார். முகம் தெரியாத ஊரில் முதல் கதையை அச்சில் பார்த்துவிட்டு யாராவது படித்தார்களா என்று தவித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்தக் கார்டு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படிக் கார்டு வாங்கியவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்ததும் 'விமர்சனங்கள் மதிப்புரைகள் பேட்டிகள்' என்ற நூலுக்குத்தான். வல்லிக்கண்ணனும் இப்படிக் கடிதம் எழுதித் தள்ளியவர்தான்.

நான் வைத்துக்கொண்டிருக்கும் முறை இது: முதல் புத்தகம் மோசமாக இருந்தால் அதைப் பற்றிப் பொதுவில் எழுத மாட்டேன், கேட்டால் தனியாகச் சொல்வேன். நல்ல இடங்களும் பலவீனங்களும் கலந்து இருந்தால் இரண்டையும் எழுதுவேன். ஐந்தாவது, பத்தாவது புத்தகம் எழுதுகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

புத்தகத்தைப் பற்றிப் பேசுங்கள், எழுதியவரின் சாதி, தொழில், சம்பளம், குடும்பம் எதுவும் உள்ளே வரக் கூடாது. இந்த எல்லையைத் தமிழ்ச் சிற்றிதழ்களில் பெரியவர்களே மீறியிருக்கிறார்கள். அதனால் அது சரியாகிவிடாது.

நண்பரின் புத்தகத்துக்கு எழுதலாமா?

தமிழ் இலக்கிய உலகம் சின்னது. எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். எழுதுங்கள், ஆனால் நண்பர் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு அவர் மதிப்புரை எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் எழுத வேண்டாம்.

எழுதியவர் விமர்சனத்துக்குப் பதில் சொல்லலாமா?

தகவல் பிழை இருந்தால் அவசியம் சொல்ல வேண்டும். 'நீங்கள் சரியாகப் படிக்கவில்லை' என்று சொல்வதானால் எந்தப் பக்கத்தை என்று காட்ட வேண்டும். மற்றபடி அடுத்த புத்தகத்தில் பதில் சொல்லிக்கொள்ளலாம். இங்கே ஒரு வருத்தம்: மதிப்புரை வந்த மறுநாள் எழுத்தாளரின் நண்பர்கள் கூட்டமாக வந்து மதிப்புரை எழுதியவரை வசைபாடுவது எனக்கும் நடந்திருக்கிறது. அப்படித் திட்டியவர்களில் ஒருவர்கூட நான் எடுத்துக் காட்டிய வரிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு புத்தகம் மனதைப் புண்படுத்துகிறது என்று எதிர்ப்பதும் விமர்சனம்தானே?

புண்பட்டதைச் சொல்வது, எழுதுவது, கண்டிப்பது எல்லாம் விமர்சனத்துக்குள் வரும். எழுதாதே என்று மிரட்டுவது வராது.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. குழந்தையில்லாத காளி, பொன்னா என்ற தம்பதியின் கதை, களம் திருச்செங்கோடு. நான்கு வருடம் வாசகர்கள் படித்தார்கள், பேசினார்கள். 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது. புத்தகத்தை எரித்தார்கள், கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, எழுத்தாளன் என்ற தன் அடையாளமே இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு புத்தகம் பிடிக்கவில்லையென்றால் தூக்கிப் போட்டுவிடலாம், படித்தே தீர வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை என்பது தீர்ப்பின் சாரம். அவர் மறுபடி எழுத வந்தார்.

இதில் விமர்சகர்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தை யாரும் அதிகம் பேசவில்லை. அந்த அமளிக்குப் பிறகு நாவலில் ஒரு குறையைச் சொன்னாலே எதிர்ப்பாளர் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள் என்ற நிலை வந்தது. ஆதரிப்பவர்கள் புகழ்ந்தே ஆக வேண்டியிருந்தது. பொன்னாவின் மனதை நாவல் எவ்வளவு தூரம் தொடர்கிறது, எந்த இடத்தில் அவளை விட்டுவிட்டு ஊர் வழக்கத்தை விவரிக்கப் போகிறது என்றெல்லாம் நிதானமாகக் கேட்கப் பல வருடம் இடமில்லாமல் போனது. மிரட்டல் எழுத்தாளரின் வாயை அடைத்ததோடு வாசகரின் வாயையும் அடைத்தது.

எவ்வளவு நீளம் எழுத வேண்டும்?

பத்திரிகைக்கு என்றால் அவர்கள் கேட்கும் அளவு. சொந்தமாக எழுதினால் 600 சொல்லில் ஒரு புத்தகத்தைப் பற்றி உருப்படியாகச் சொல்ல முடியும். நாவல் பெரியதென்றால் 1500 வரை போகலாம்.

பழகுவதற்கு யாரைப் படிக்கலாம்?

செல்லப்பாவிடம் பொறுமையையும், க.நா.சு.விடம் தீர்ப்புச் சொல்லும் தெளிவையும், கைலாசபதியிடம் ஒரு வடிவத்தைச் சரித்திரத்தில் வைத்துப் பார்ப்பதையும், ராஜ் கௌதமனிடம் சங்கடமான கேள்வியைத் தயங்காமல் கேட்பதையும் கற்கலாம். சுந்தர ராமசாமியின் விமர்சனக் கட்டுரைகளில் ஒரு வாக்கியத்தை எப்படிச் செதுக்குவது என்று பார்க்கலாம். கோவை ஞானி, தமிழவன், நுஃமான் மூவரையும் அவரவர் கோட்பாட்டோடு ஒத்துப்போகாவிட்டாலும் படியுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இந்த வருடம் வந்த ஒரு சிறுகதைத் தொகுப்பை வாங்குங்கள், உங்களுக்குத் தெரியாதவர் எழுதியதாக இருக்கட்டும். அதில் ஒரே ஒரு கதையை எடுத்து, இரண்டு தடவை படித்து, ஒரு பக்கம் எழுதுங்கள். குறைந்தது மூன்று வரியை மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். எழுதி முடித்ததும் புத்தகத்தின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். வேறு எந்தக் கதைக்கும் அந்தப் பக்கம் பொருந்திவிடும் என்றால், கதையை மூன்றாவது தடவை படித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.